தகரத் தொட்டியோடு இறங்கியவர்

இரண்டுமே இல்லை என்றுதான் முதலில் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீ சமையலறை வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுகொண்டு, "எதும்மா நெஜக் கல்யாணம்? மேரி ஆபீஸ்ல நடந்ததா, கோயில்ல நடக்கப் போறதா?" என்று கேட்டாய். பதிலுக்கு நிற்கவும் இல்லை. "மேரியில நடந்ததுதான? சட்டம் அதத்தான சொல்லுது? மிச்சம் மேளமும் விருந்தும். அது ரெண்டு வருஷம் கழிச்சு நடந்தா இன்னா?" என்று நீயே கேட்டு நீயே முடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. சாப்பிடும்போது அதைச் சொல்வாய். சொல்லு.

அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நீ நடுவில் புகுந்து என் வாக்கியத்தை முடித்துவிடுவாய், உன் அப்பாவைப் போல. காகிதத்துக்குள் புக முடியாது.

உன் நிலைமையை ஒருமுறை நேராக வைத்துப் பார்க்கிறேன். தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் நீயும் ரொசாலியும் கடற்கரையில் நகரசபைக் கட்டடமான மேரிக்குப் போய், நகரசபைத் தலைவரான மேர் முன்னால் சம்மதம் என்று 'உய்' சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நீ 'உய்' சொல்லிவிட்டாய். வெள்ளைக்காரர்கூடச் சிரித்தார். அங்கிருந்து நம் வழக்கப்படி நீ இந்த வீட்டுக்கு வந்தாய், அவள் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போனாள். சட்டப்படி மனைவி. கழுத்தில் தாலி இல்லை. வேதக்கோயிலில் சுவாமியார் முன்னால் தாலி ஏறுகிற வரைக்கும் நம் வாசற்படியை அவள் மிதிக்கக் கூடாது. நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாண மந்திரிப்பு கிடையாது என்பதால் கோயில் கல்யாணம் உயிர்த்த ஞாயிறான பாஸ்குவுக்குப் பிறகு என்று வைத்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு சைகோனிலிருந்து உன் வேலை உத்தரவு வந்தது. சனிக்கிழமைக் கப்பல். பாஸ்கு அதற்கு வெகுநாள் தள்ளி.

வேறு வழி இல்லாமலும் இல்லை. அடுத்த கப்பலுக்குத் தவணை கேட்கலாம். ஆபீஸில் ஆரம்பத்திலேயே கெட்ட பெயர் என்கிறாய். பிஷப் ஆண்டவரிடம் உத்தரவு வாங்கி, மேளம் இல்லாமல் சுருக்கமாகத் தாலி கட்டி, அவளையும் கூட அழைத்துப் போகலாம். திருட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கும் என்கிறாய். ஆகையால் நீ போவது, அவள் இருப்பது. "அவ காத்திருப்பாம்மா. எல்லாத்துக்கும் சரின்னுட்டா." இந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

மேரிக்கும் கோயிலுக்கும் நடுவில் நான் மூன்று வருஷம் இருந்தவள். உனக்கு அந்தக் கதை தெரியும் என்பாய். உனக்குத் தெரிந்தது தொட்டிக் கதை. அது உன் அப்பா சொல்லும் கதை. அவர் கப்பலில் இருந்தார். நான் கரையில் இருந்தேன். கரையிலிருந்து பார்த்தால் அது வேறு கதை.

எங்களுக்கு மேரி வெள்ளிக்கிழமை. கோயில் திங்கட்கிழமை. பந்தல்கால்கூட நட்டாயிற்று. அடுத்த வாரம் வர வேண்டிய கப்பல் சனிக்கிழமை காலை முன்னதாகவே வந்து துறைக்கு வெளியே நின்றது. கப்பல் முந்தி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கப்பல் என்றால் பிந்தி வருவதுதானே. மத்தியானத்துக்குள் ஏற வேண்டும் என்று ஆள் வந்தது. இரண்டு வருஷ சைகோன் வேலைக்கு அவர் ஏறினார். பந்தல்கால் இரண்டு மாதம் நின்றது, அப்புறம் யாரோ பிடுங்கிக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

அவரை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. பெண் பார்க்க வந்த அன்று விளக்கு மங்கல். மேரியில் தலையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குனிந்த தலைக்குத் தெரிந்தது ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. குமாஸ்தா பிரெஞ்சுச் சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். யாராவது அவரிடம் கயிற்றைக் கட்டச் சொல்ல மாட்டார்களா.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த கணவன். ஒரு கயிறு.

பிறகு வேடிக்கை தொடங்கியது. கால்வாயைத் தாண்டி மேரிப் பக்கம் போனால் குமாஸ்தா எழுந்து நின்று 'மதாம்' என்பார். கால்வாய்க்கு இந்தப் பக்கம் கோயிலுக்கு வந்தால் உபதேசியார் என்னைக் கன்னிப் பெண்கள் வரிசையில் நிறுத்திக் கையில் பூத்தட்டைக் கொடுப்பார். சுவாமியாரிடம் ஒருநாள் கேட்டேன். மேரியில் நடந்தது சட்டத்துக்கு, நம்முடையதுதான் மெய்விவாகம் என்றார். மேரியில் கேட்டிருந்தால் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருப்பார்கள். நடுவில் நான் ஒரே ஆள்தான், தினமும் அந்தக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் நான் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே நாற்றம் தாங்காது, யோசனை நீளாது.

எதிர்வீட்டுச் செங்கமலம் அக்கா தன் மகளுக்கு வளைகாப்பு வைத்தாள். எங்கள் தெருவில் எங்களைப் போன்ற வேதக்காரப் பெண்களையும் கூப்பிட்டு வளையல் போடுவார்கள், உனக்குத் தெரியும். வரிசையாக மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தவள் என் முன்னால் தட்டோடு நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, உனக்கு மஞ்சள் குடுக்கறதா வேணாமா?"

"தெரியலக்கா."

"தாலி ஏறலியே."

"ஏறல."

"ஆனா புருஷன் இருக்கான்."

"இருக்காராம்."

"இருக்காராமா?" அவள் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "சரி, பூவ வச்சிக்கோ. வளையல் போட்டுக்கோ. மஞ்சள ஓரமா எடுத்து வக்கிறேன். வந்தப்பறம் வந்து கேட்டு வாங்கிக்கோ."

அவர் வந்து தாலி ஏறிய பிறகு போய்க் கேட்டேன். மறக்காமல் கொடுத்தாள். ஆனால் அன்று, வீட்டுக்கு வந்து வளையலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 'இருக்காராம்' என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப முடியவில்லை. விளையாட்டாகச் சொன்னேன். சொன்ன பிறகு அது விளையாட்டாக இல்லை. எனக்கு அவர் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? கடிதம் வரும். உன் அப்பாவின் கடிதத்தை நீ பார்த்ததில்லை. 'நலம். மழை. அரிசி பரவாயில்லை.' இவ்வளவுக்கு அத்தனை தூரம் கப்பலில் ஒரு உறை வர வேண்டுமா.

என்னை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இன்னொரு கல்யாணம் பேச முடியாது, புருஷன் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆகையால் படிக்க விட்டார்கள். உன் தாத்தா என்னைச் சென்னையில் பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். கான்வெண்ட் பிரெஞ்சோடு போனவள் இங்கிலீஷில் திக்கித் திக்கி இண்டர் படித்தேன். பி.ஏ.வை நீ நடக்கத் தொடங்கிய பிறகு வீட்டிலிருந்தே எழுதினேன் என்பது வேறு. அந்த முதல் வருஷம் தர்க்க வகுப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்டார்: நாம் எல்லோரும் போய், இந்த அறையைப் பூட்டிவிட்டால், உள்ளே இந்தப் பெஞ்சு இருக்கிறதா? இல்லை நாம் பார்க்கும்போதுதான் இருக்கிறதா? மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். ஒருத்தி, இருக்கிறது, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒருத்தி, பியூன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். எனக்குப் பெஞ்சைப் பற்றிக் கவலை இல்லை. பூட்டிய அறையில் எனக்கு ஒரு மனிதர் இருந்தார்.

பெஞ்சைவிட மனிதர் சிரமம். பெஞ்சை நாம் மனதுக்குள் ஜோடித்து உருவாக்குவதில்லை. மனிதரை விட்டுவைக்க மாட்டோம். 'மழை' என்று அவர் எழுதுவார். நான் அந்த மழைக்கு ஒரு ஜன்னலைப் போடுவேன். ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார வைப்பேன். கையில் புத்தகம். உயரமான மனிதர். மெதுவாகப் பேசுவார். கடலைப் பார்த்தபடி என்னைப் பற்றி நினைப்பார், ஆனால் எழுத மாட்டார், ஏனென்றால் ஆழமானவர்கள் எழுத மாட்டார்கள். பார், எழுதாததையும் நான் அவருடைய கணக்கில் நல்லதாகவே சேர்த்துக்கொண்டேன். சண்டை வந்தது, கப்பல்கள் நின்றன, இரண்டு வருஷம் மூன்றாயிற்று. அவர் இன்னும் உயரமானார். ஒன்றை மட்டும் கவனித்திருக்க வேண்டும். நான் உண்மையில் என் கண்ணால் பார்த்தது ஒரு அவிழ்ந்த பூட்ஸ் கயிறு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவருடைய பூட்ஸ் கயிறு எப்போதும் கட்டியிருந்தது.

அவர் வந்த காலையைச் சொல்கிறேன். கப்பல் ஆழத்தில் நின்றது. ஆட்களைப் படகில் ஏற்றி, கடலுக்குள் நீண்டிருக்கும் இரும்புப் பாலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நானும் உன் தாத்தாவும், கூட என் சித்தி மகள் தெரேசும், பாலத்தின் முனையில் நின்றோம். முதல் படகில் ஒரு உயரமான மனிதர். வெள்ளை உடுப்பு. கையில், சத்தியமாக, ஒரு புத்தகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"அவராக்கா?" என்று தெரேசு கேட்டாள்.

"அவர்தான்."

"எப்டித் தெரியும்?"

"தெரியும்."

அவர் ஏணியில் ஏறி வந்தார். எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் நின்ற ஒரு பிரெஞ்சுச் சாமியாருக்கு வணக்கம் சொல்லி அவரோடு நடந்துவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகை நிஜம். ஆள் தப்பு. இதைப் பற்றி நான் பிறகு எத்தனையோ புத்தகத்தில் படித்தேன், இவ்வளவு தெளிவாக எதிலும் இல்லை. மனதுக்குள் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. எனக்கு அன்று இருந்த உறுதியைப் போல் அதற்குப் பிறகு எதிலும் இருந்ததில்லை.

மூன்றாவது படகில் ஒருவர் தலையில் தகரத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை குளிப்பாட்டுகிற அளவுத் தொட்டி. தொப்பி கடலில் பறந்துவிட்டதாம். அலையில் படகு தூக்கிப் போடும்போதெல்லாம் தொட்டி அவர் மூக்கில் இடித்தது. படகுக்காரர்கள் அதைப் பார்த்துப் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். ஏணியில் ஏறும்போது தொட்டி மாட்டிக்கொண்டது, மேலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். ஏறி வந்து, தொட்டியை எடுத்துவிட்டு, உன் தாத்தாவைக் கும்பிட்டார். குட்டையாக, கறுத்து, குமட்டலில் முகம் வெளிறி இருந்தார்.

"மாப்ள," என்றார் உன் தாத்தா, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "இங்க தொட்டி கெடைக்காதா?"

"கெடைக்கும் மாமா. இது வெயிலுக்கும் ஆவுது."

பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "இதுல யாருங்க மாமா?" என்று கேட்டார்.

தெரேசு என்னை முன்னால் தள்ளினாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து, ஈரமாக, பாலத்துப் பலகையில் கிடந்தது.

கோயில் கல்யாணம் அதற்கடுத்த திங்கட்கிழமை நடந்தது. மேளம் இருந்தது. மேரியில் என் பெயர் மாறியது, கோயிலில் என் கழுத்து கனத்தது. இரண்டும் நடந்தவை, இரண்டும் பொய் இல்லை. நான் எதையும் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் நீ கேட்டது நிஜம் எது என்று. தாலி ஏறிய பிறகும் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். உன் அப்பா, நான், ஜன்னலோரத்து மனிதர். உன் அப்பா சாப்பிடும்போது சத்தம் வரும். ஜன்னலோரத்தவர் சத்தமில்லாமல் சாப்பிடுவார். உன் அப்பா என் புத்தகத்தைத் தட்டு மூடுவதற்கு எடுத்துப் போவார். அவர் ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவார். ஒவ்வொரு நாளும் உன் அப்பா தோற்றுக்கொண்டிருந்தார், யாரிடம் தோற்கிறோம் என்று தெரியாமல். பாவம், இல்லாத ஆளோடு எப்படிப் போட்டி போடுவது? இல்லாதவருக்குத் தும்மல்கூட வராது.

அது முடிந்தது ஒரு மத்தியானம். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா தொட்டியில் ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார், நீ வயிற்றில் இருந்தாய். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் வேற ஒருத்தரப் பாத்து அழுதுட்டேன்."

"யாரு?"

"மொதப் படகுல வந்தாரே. ஒசரமா. புத்தகம் வச்சிருந்தார்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். சந்தேகம் வரும் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்.

"அந்த ஆளா? கப்பல் பூரா என்கிட்ட ஊறுகாய் கடன் வாங்கித் தின்னான். அந்தப் புத்தகத்த ஒரு நாளும் தொறக்கல. விசிறிக்க வச்சிருந்தான்."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் மட்டும் என்ன. நீ வீணை வாசிப்பேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், மூணு வருஷமா."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. விரல் நீளமா இருந்துச்சு. மேரியில அததான் பாத்தேன்."

"எனக்கு வீணை தெரியாதுங்க."

"அது வந்த அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. நீ கோயில்ல பாடுனியே. எனக்கு முன்னால நின்ன ஆளு திரும்பிப் பாத்தான்."

ஆக, அவர் பக்கத்திலும் ஒருத்தி இருந்திருக்கிறாள். வீணையோடு. ஒரு வருஷம் நானும் அவளிடம் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தெரியாது. அன்று மத்தியானம் அந்த இரண்டு பேரும் வீட்டை விட்டுப் போனார்கள். சேர்ந்தே போயிருப்பார்கள், பொருத்தமான ஜோடி. எங்கள் கல்யாணம் நிஜமானது அன்றுதான் என்பது என் எண்ணம். சாட்சிக் கையெழுத்து யாரும் போடவில்லை.

எண்ணம்தான். சற்று முன் சோதித்துப் பார்ப்போம் என்று உன் அப்பாவிடமே கேட்டேன். "நம்ம கல்யாணம் எப்ப நெஜமாச்சுன்னு நெனக்கிறீங்க?" பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆயிடுச்சா?" என்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பெரிய தத்துவம் இல்லை, பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது. நான் ஜோடித்தது எப்போதும் எனக்கு ஒத்துப்போகும். என் தேவைக்கு ஒத்த உயரம், என் ரசனைக்கு ஒத்த புத்தகம். அதில் ஒரு மூலைகூட என்னை இடிக்காது. நிஜமானது அப்படி வராது. அதன் தலையில் ஒரு தகரத் தொட்டி இருக்கும். எத்தனை வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் அந்தத் தொட்டியை நான் யோசித்திருக்க மாட்டேன். கனவிலும் யோசிக்காதது வருமே என்பாய். வரும். ஆனால் கனவில் வந்தவரிடம் திரும்ப ஒரு கேள்வி கேட்டுப் பார், விழித்துக்கொள்வாய். நிஜமான ஆளிடம் கேட்டால் பதில் வரும். நான் எழுதி வைத்த பதிலாக அது இருக்காது.

உனக்கும் இதில் பழக்கம் உண்டு, மறந்திருப்பாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஸ்கராத் பார்க்கக் கூட்டிப் போனோம். முகமூடி போட்டுக்கொண்டு வேஷக்காரர்கள் தெருவில் ஆடி வந்தார்கள். அதில் உன் அப்பாவும் இருந்தார். 'அப்பா எது சொல்லு' என்றேன். நீ யோசிக்கவே இல்லை. ராஜா வேஷம் போட்டவரிடம் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டாய். உயரமான ராஜா, ஜரிகை அங்கி. அவர் பக்கத்துத் தெரு ரொட்டிக்காரர். உன் அப்பா பின்னால் குரங்கு வேஷத்தில், அவிழ்ந்துபோன வாலைக் கையில் பிடித்துக்கொண்டு, 'தம்பி, நான் இங்கடா' என்று கத்திக்கொண்டு வந்தார். நீ அவரைப் பார்த்துவிட்டு ராஜாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். என் பிள்ளைதான் என்று அன்று தெரிந்தது.

இப்போது ரொசாலி. நீ சொல்லி எனக்குத் தெரிந்த ரொசாலி அமைதியானவள். கடல் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணத்துக்குப் பிறகு சாயந்தரமெல்லாம் இரும்புப் பாலத்தில் உன்னோடு உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் சரி என்பாள். இரண்டு வருஷம் சைகோனைப் பார்த்தபடி காத்திருப்பாள், ஜன்னலோரத்தில் என்று வைத்துக்கொள்வோம். போன ஞாயிறு பூசை முடிந்து நான் பார்த்த ரொசாலி வேறு. கோயில் வாசலில் நண்டு விற்றவளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "இது போன வாரத்து நண்டு. அதுக்கே அது தெரியும், மொகத்தப் பாரு" என்றாள். நண்டுக்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மூக்கால் சிரித்தாள், முந்தானையை வைத்து மூடிக்கொண்டு. கடல் என்றால் உனக்கு உயிராமே, என் பிள்ளை சொல்கிறான் என்று அவளிடம் கேட்டேன்.

"யாரு சொன்னா அத்த? பிள்ளைச்சாவடியில பொறந்து வளந்தவ நானு. பொறந்ததுலேந்து அதயேதான் பாக்குறேன். காத்து பட்டாலே தலவலி."

"அவன்கிட்ட சொன்னியா?"

"கேட்டாத்தான சொல்ல."

தம்பி, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிற மனுஷியை நான் இந்த வயதுவரை பார்த்ததில்லை. நாம் ஜோடித்து வைத்தவள்தான் அப்படிச் சொல்வாள். அந்தச் 'சரி'யை உன்னிடம் யார் சொன்னது என்று அன்றே கேட்டேன், நினைவிருக்கிறதா? "அவங்க அப்பா" என்றாய். அவளிடம் நீ கேட்கவே இல்லை. மேரியில் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு அவளோடு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசவும் இல்லை, வழக்கம் இல்லை என்று. சனிக்கிழமை ஏறிவிட்டால் நீ கொண்டுபோகப் போவது கடல் பிடித்த ரொசாலியை. அவள் நல்லவள். சைகோனில் உன் பக்கத்திலேயே இருப்பாள், தொந்தரவு கொடுக்க மாட்டாள், நாளுக்கு நாள் அழகாவாள். இங்கே அப்பா வீட்டில் ஒருத்தி இருப்பாள், 'இருக்காராம்' என்று சொல்லப் பழகிக்கொண்டு. அவளும் சும்மா இருக்க மாட்டாள், உன்னை ஜோடிக்க ஆரம்பிப்பாள். பிறகு நீங்கள் இருவரும் அவர்களை வீட்டை விட்டு அனுப்ப ஒரு வருஷம் பிடிக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஒரு தொட்டி ஓட்டையானது.

கப்பல் ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. தவணை கேட்பதா, மேளமில்லாமல் தாலி கட்டுவதா, தனியாகப் போவதா, இதில் எதுவும் தன்னளவில் நிஜமும் இல்லை, பொய்யும் இல்லை. அவளிடம் கேட்காமல் எடுத்தால் மூன்றுமே நீ உன்னோடு பேசி எடுத்த முடிவு. நீயே 'உய்' கேட்டு, நீயே 'உய்' சொல்வது. மேரியில் செய்தாயே, அது போல. அங்கே மேர் சிரித்தார், சரியாகப் போயிற்று. இங்கே சிரிக்க யாரும் இல்லை.

என் மூன்று வருஷத்தை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை. படித்தேன். பெஞ்சைப் பற்றி யோசித்தேன். இன்று வெளியே உன் அப்பா யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார், நான் நினைத்தே பார்க்காத ஏதோ ஒன்றைப் பற்றி. பூசணிக்காய் என்று காதில் விழுகிறது. நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த ஜன்னலோரத்து மனிதர் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். படித்துப் பார்த்தேன். எல்லாம் எனக்கு மிகவும் ஒத்துப்போகிறது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நண்டுக்காரியிடம் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து நானும் ஒரு ரொசாலியை ஜோடித்துவிட்டேனோ என்று.

பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். அவள் அப்பா நாற்காலி போட்டார். உட்காரவில்லை. பெண்ணை ஒரு மணி நேரம் அனுப்புங்கள் என்றேன். "கோயிலுக்கு முன்னாடி அங்க வாசப்படிய மிதிக்கக் கூடாதே சம்பந்தி" என்றார். "மிதிக்க வேணாம். கொல்லப் பக்கமா வரட்டும்" என்றேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது நம் கொல்லையில், கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறாள். என்ன என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் 'சரி' என்பதாகத் தெரியவில்லை. படித்து முடித்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பின்பக்கமாக வா.

அவளுக்குக் காபி கொடுத்தேன். சர்க்கரை போடக் கூடாது என்று திருப்பித் தந்துவிட்டாள். இந்தக் காகிதத்தை உன் மேஜையில் மைக்கூட்டின் கீழ் வைத்துவிட்டு, வேறு காபி போடப் போகிறேன்.